கரும்புச் சக்கை காகிதமான கதை

ஆலை என்ற சொல் இன்று எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பஞ்சாலை, எண்ணெய் ஆலை, காகித ஆலை என்று எதற்கும் அதையே சொல்கிறோம். ஆனால் பழந்தமிழில் ஆலை என்றால் கரும்பு பிழியும் எந்திரம்தான். அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. அவ்வளவு பழமையான பயிர் இது.

சாறு பிழிந்தபின் மிஞ்சுவது சக்கை. பயனில்லாத எதையும் 'வெறும் சக்கை' என்று சொல்வது தமிழர் வழக்கம். அந்தச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் பெரிய ஆலை ஒன்று காவிரிக் கரையில், புகளூர் அருகே காகிதபுரத்தில் இருக்கிறது. திருச்சி மன்னார்புரத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. கரூர் 1995இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்த இடமும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த ஆலையின் வரலாற்றைப் பார்த்தால் கழிவிலிருந்து பொருள் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதும் புரியும்.

கந்தல் துணியில் பிறந்த காகிதம்

காகிதத்தின் வரலாறே கழிவில்தான் தொடங்குகிறது. கி.பி. 105இல் சீன அரசவையில் பணியாற்றிய சாய் லுன் மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்தார் என்று சீன வரலாறு கூறுகிறது. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் கந்தல் துணிதான் காகிதத்தின் மூலப்பொருள். தெருத்தெருவாகக் கந்தல் பொறுக்கி விற்பவர்கள் இல்லாமல் அங்கே புத்தகம் இல்லை.

அச்சகங்கள் பெருகியதும் கந்தல் போதவில்லை. 1800ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோலிலிருந்தும், மை நீக்கிய பழைய காகிதத்திலிருந்தும் காகிதம் செய்து காட்டினார். அவருடைய தொழில் நிலைக்கவில்லை. 1844இல் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு உலகம் காட்டு மரத்தின் பக்கம் திரும்பியது. காகிதம் மலிவானது, செய்தித்தாளும் மலிவானது. கந்தலும் வைக்கோலும் மறக்கப்பட்டன.

குளிர்நாடுகளில் பைன் போன்ற ஊசியிலை மரங்கள் ஏராளம். அவற்றின் நார் நீளமானது, காகிதத்துக்கு ஏற்றது. இந்தியாவில் அத்தகைய மரங்கள் பெரும்பாலும் இமயமலைச் சரிவுகளில்தான் உண்டு. ஆகவே இந்தியக் காகித ஆலைகள் மூங்கிலை நம்பின. பிறகு யூகலிப்டஸ் வந்தது. மூங்கில் காடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

செய்தித்தாளுக்குக் காகிதம் இல்லை

இந்தியாவில் செய்தித்தாள் காகிதம் செய்த முதல் ஆலை மத்தியப் பிரதேசத்தின் நேபாநகரில் இருந்த நேபா ஆலை. 1955இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த கால்நூற்றாண்டுக்கு நாட்டில் செய்தித்தாள் காகிதம் செய்யும் ஆலை அது ஒன்றுதான். தேவையில் பெரும்பகுதி கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அந்நியச் செலாவணிக்கு அன்று பெரும் தட்டுப்பாடு.

இதனால் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு காகிதம் என்பதை மத்திய அரசே தீர்மானித்தது. 1972-73ஆம் ஆண்டுக்கான காகிதக் கொள்கையில் நாளிதழ்கள் பத்துப் பக்கங்களுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் இருந்தது. பென்னட் கோல்மன் நிறுவனமும் மற்றவர்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அரசியல் சட்ட வகுப்புகளில் இந்தத் தீர்ப்பு இன்றும் பாடமாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தால் காகிதத்தைக் கொடுக்க முடியாது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் உலகச் சந்தையில் காகித விலையும் ஏறியது.

நாட்டிலேயே செய்தித்தாள் காகிதம் செய்தாக வேண்டும் என்ற நிலை இப்படித்தான் உருவானது. 1980களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் மைசூர் காகித ஆலையும், கேரளத்தில் இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் ஆலையும் இந்த வேலையில் இறங்கின. அந்த மாநிலங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இருந்தன. தமிழ்நாட்டில் வெட்டுவதற்கு அவ்வளவு காடு இல்லை. கரும்பு இருந்தது.

சேஷசாயி குழுமமும் சக்கையும்

சக்கையிலிருந்து காகிதம் செய்யலாம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். ஆனால் தொழில்முறையில் வெற்றி பெற நாளானது. 1930களின் இறுதியில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், பரமோங்கா என்ற ஊரில் அது கைகூடியது. ஆனாலும் செய்தித்தாள் காகிதம் என்று வரும்போது சிக்கல் தீரவில்லை. அச்சு எந்திரம் மிக வேகமாக ஓடும். அந்த வேகத்தில் காகிதம் கிழியக்கூடாது, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரியக்கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். சக்கையின் நாரோ குட்டையானது.

இதில் ஈடுபட்டவர்களில் ஒரு தமிழக நிறுவனம் முக்கியமானது. சேஷசாயி சகோதரர்கள் என்ற பெயரில் இயங்கிய தொழில் குழுமம் திருச்சியில் மின்சார விநியோகத்தில் வளர்ந்தது. மன்னார்புரத்தில் மின்வாரிய அலுவலகத்தைக் கடந்துபோகும் பலருக்கு, ஒரு காலத்தில் திருச்சிக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு தனியார் நிறுவனம் என்பது தெரிந்திருக்காது. மேட்டூர் கெமிக்கல்ஸ், ஆலுவாவின் உர ஆலையான ஃபாக்ட் ஆகியவையும் இந்தக் குழுமம் தொடங்கியவையே. அரியமங்கலத்தில் உள்ள சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் 1952இல் ஏற்பட்டது.

இந்தக் குழுமம் 1960இல் ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையைத் தொடங்கியது. 1962இல் அங்கே உற்பத்தி ஆரம்பமானது. சக்கையில் நீண்ட அனுபவம் சேர்த்த இந்த நிறுவனத்தின் பொறியாளர்கள், எந்திரத் தயாரிப்பாளரான பெலாயிட்டுடன் சேர்ந்து சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதத்துக்கான கூழ் எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். இரண்டு பெயர்களையும் சேர்த்தே அந்த முறைக்குப் பெயர் வைக்கப்பட்டது. பின்னர் அரசு தொடங்கிய ஆலைக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொன்னவர்களும் இவர்களே.

புகளூரில் ஓர் ஆலை

தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது பதிவு செய்யப்பட்டது. டி.என்.பி.எல். என்ற சுருக்கப் பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். உலக வங்கி கடன் கொடுத்தது. காவிரி நீரும், கரூர் - ஈரோடு ரயில் பாதையும், சுற்றிலும் கரும்பு வயல்களும் இருந்ததால் புகளூர் பொருத்தமான இடமாக அமைந்தது. 1984இல் ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு ஆலை ஓடத் தொடங்கியது. 1990களின் நடுவில் இரண்டாவது எந்திரம் வந்ததும் திறன் 1,80,000 டன்னாக உயர்ந்தது. 2011இல் மூன்றாவது எந்திரமும் சேர்ந்து 4 லட்சம் டன் ஆனது. சக்கையை மூலப்பொருளாகக் கொண்ட காகித ஆலைகளில் உலகிலேயே பெரியது என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது.

சக்கை எப்படிக் காகிதமாகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். 100 கிலோ கரும்பை ஆட்டினால் 9 அல்லது 10 கிலோ சர்க்கரை கிடைக்கும். சுமார் 30 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி எடை ஈரம்தான். சக்கையில் நாரும் இருக்கிறது, பஞ்சு போன்ற உட்சோறும் இருக்கிறது. இந்த உட்சோற்றை ஆலையில் 'பித்' என்பார்கள். இது ரசாயனத்தைக் குடித்துவிடும், கூழிலிருந்து நீர் வடியவும் விடாது. ஆகவே முதலில் பித்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்படிப் பிரித்ததும் வீணாகாது, கொதிகலனில் எரிபொருளாகிறது. நாரை ரசாயனத்தோடு வேகவைத்துக் கூழாக்கி, வெளுத்து, கம்பி வலைமேல் பரப்பி, உருளைகளில் உலர்த்தினால் காகிதம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை ஆலை ஆண்டில் சில மாதங்கள்தான் கரும்பு ஆட்டும். காகித ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். இடைப்பட்ட மாதங்களுக்கான சக்கையை எங்கே வைப்பது? காய்ந்தால் தீப்பிடிக்கும், ஈரமாக விட்டால் அழுகும். இதற்கு விடையாகச் சக்கையை மலைபோலக் குவித்து அதன்மேல் தொடர்ந்து நீர் தெளித்து, ஈரமாகவே சேமிக்கும் முறை பின்பற்றப்பட்டது. காற்று உள்ளே புகாமல் நீர் தடுப்பதால் நார் கெடாமல் இருக்கும். இந்தக் குவியலைக் கழுவி வரும் நீரும் பிற்காலத்தில் பயன்பட்டது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சக்கைக்குப் பதில் நிலக்கரி

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சக்கை உண்மையிலேயே கழிவுதானா?

கிராமத்து ஆலைக் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கரும்பு பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, வெல்லக் கொப்பரையின் அடுப்பிலேயே போடுவார்கள். சர்க்கரை ஆலையும் அதையே பெரிய அளவில் செய்தது. சக்கையைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்தது, அந்த நீராவியில்தான் ஆலையே ஓடியது. பழைய கொதிகலன்கள் திறமையற்றவை. சக்கை குவிந்துவிடாமல் இருந்தால் போதும் என்று எரித்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனாலும் சக்கை இல்லாவிட்டால் சர்க்கரை ஆலை நின்றுவிடும்.

ஆகவே சக்கையைக் கேட்பவர் அதற்கு ஈடாக வேறு எரிபொருள் தர வேண்டும். டி.என்.பி.எல். அதைத்தான் செய்தது. சில சர்க்கரை ஆலைகளின் வளாகத்திலேயே நிலக்கரிக் கொதிகலன்களை நிறுவி, நீராவியைக் கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டது. வேறு சிலவற்றுக்கு நிலக்கரி கொடுத்தது. ஈரச் சக்கையின் வெப்பத் திறன் நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. ஆகவே இரண்டு டன் சக்கைக்கு ஒரு டன் நிலக்கரி என்பது தோராயமான கணக்கு.

இந்தப் பண்டமாற்றில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் சக்கையைப் பயன்படுத்துவதால் 30,000 ஏக்கர் காடு அழியாமல் காக்கப்படுகிறது என்று நிறுவனம் தன் வெளியீடுகளில் சொல்லிவந்தது. அதே நேரத்தில், சக்கை எரிய வேண்டிய இடத்தில் நிலக்கரி எரிந்தது. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரிதான் சக்கை எரியும்போது திரும்பப் போகிறது. நிலக்கரியின் கரியோ பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது. 1979இல் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. அன்று காடும் அந்நியச் செலாவணியும்தான் கவலை. இன்று போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

கழிவின் கழிவு

கழிவிலிருந்து பொருள் எடுத்தால் அதிலும் ஒரு கழிவு மிஞ்சும். டி.என்.பி.எல். வரலாற்றின் பிற்பாதி முழுவதும் அந்தக் கழிவுகளோடு நடத்திய போராட்டம்தான்.

முதலாவது, கருநிறத் திரவம். நாரை வேகவைத்தபின் வடியும் இதில் ரசாயனமும் கரைந்த மரப்பசைப் பொருள்களும் இருக்கும். ஆற்றில் விட்டால் ஆறு செத்துவிடும். இதைக் காய்ச்சிக் கெட்டியாக்கி மீட்புக் கொதிகலனில் எரித்தால் வெப்பம் கிடைக்கும், ரசாயனமும் திரும்பக் கிடைக்கும். இது 1930களில் இருந்து உலகெங்கும் பெரிய ஆலைகள் பின்பற்றும் முறை. கழிவிலிருந்து ஆற்றல் என்று இன்று பேசுகிறோமே, காகித ஆலைகள் அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன.

இரண்டாவது, கழிவுநீர். சுத்திகரித்தபின்னும் காகித ஆலை நீரில் உப்பும் நிறமும் மிஞ்சும். 1990களில் இந்த நீரை ஆற்றில் விடாமல், மேட்டு நிலங்களுக்கு ஏற்றிப் பாசனம் செய்யும் திட்டம் அப்பகுதி விவசாயிகளோடு சேர்ந்து தொடங்கப்பட்டது. வானம் பார்த்த பூமியாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசன நிலமானது. அங்கே கரும்பும் விளைந்தது. ஆனால் சோடியம் உப்புள்ள நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் உப்பு சேரும், மண் இறுகும், அடியில் உள்ள கிணற்று நீரையும் அது எட்டும். இத்தகைய மாற்றங்களை வேளாண் ஆய்வாளர்கள் அந்த நிலங்களில் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஜிப்சம் இடுதல், உப்பைத் தாங்கும் பயிர்களைத் தேர்ந்தெடுத்தல் என்று பரிகாரங்கள் சொல்லப்பட்டன. தண்ணீர் இல்லாத விவசாயிக்கு இந்த நீர் வரம்தான். ஆனால் அந்த வரத்தைப் பெற்றவர் தன் நிலத்தின் நாளைய நலத்தையும் ஓரளவு பணயம் வைக்கிறார்.

மூன்றாவது, சக்கைக் குவியலைக் கழுவிய நீர். அதில் கரும்பின் மீதிச் சர்க்கரை புளித்துக் கரைந்திருக்கும். 2003இல் இந்த நீரிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. காற்றில்லாத தொட்டிகளில் நுண்ணுயிர்கள் அந்தக் கரைசலைத் தின்று வாயுவாக்குகின்றன. கிராமத்துச் சாண எரிவாயுக் கலனில் நடக்கும் அதே வேலைதான், அளவு மட்டும் பெரியது. இந்த வாயு சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கப்பட்டது. கழிவுநீரின் கேடும் குறைந்தது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது. இதுவரை சொன்னவற்றில் எந்தக் குறையும் இல்லாமல் பலன் தந்தது இதுவே எனலாம்.

நான்காவது, சுண்ணாம்புச் சகதி. ரசாயன மீட்பில் இது மிஞ்சும். மர ஆலைகளில் இதைச் சுட்டு மீண்டும் சுண்ணாம்பாக்கிவிடலாம். கரும்பிலோ சிலிக்கா அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் சிலிக்கா சேர்ந்துகொண்டே போவதால் சகதியில் ஒரு பகுதியை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அது பல ஆண்டுகள் ஆலைக்குத் தலைவலியாக இருந்தது. 2010களில் ஆலை வளாகத்திலேயே நாளொன்றுக்குப் பல நூறு டன் திறனுள்ள சிமெண்ட் ஆலை நிறுவப்பட்டது. சுண்ணாம்புச் சகதியும், கொதிகலன்களின் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்து சிமெண்ட் ஆயின. காகித ஆலை சிமெண்ட் விற்பது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் தெரிந்தால் வேடிக்கை இல்லை.

அதே காலத்தில் பழைய காகிதத்தின் மையை நீக்கி நாளொன்றுக்கு 300 டன் கூழ் எடுக்கும் பிரிவும் வந்தது. 1800இல் லண்டனில் தோற்றுப்போன முயற்சி, இருநூறு ஆண்டுகள் கழித்துப் புகளூரில் தினசரி வேலையாகிவிட்டது.

சக்கைக்கு வந்த போட்டி

1990களில் நிலைமை மாறியது. உயர் அழுத்தக் கொதிகலன்கள் வந்தன. அதே சக்கையை எரித்துச் சர்க்கரை ஆலைக்கு வேண்டிய நீராவியும் எடுக்கலாம், மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கவும் செய்யலாம் என்று ஆனது. இதை இணை மின் உற்பத்தி என்பார்கள். மத்திய அரசும் ஊக்கம் கொடுத்தது. தமிழ்நாட்டில் பல சர்க்கரை ஆலைகள் இதில் இறங்கின. மின்வெட்டுக் காலங்களில் இந்த மின்சாரம் பெரிதும் உதவியது.

சக்கைக்கு இப்போது இரண்டு பேர் போட்டி. காகிதத்துக்குக் கொடுப்பதா, மின்சாரத்துக்கு எரிப்பதா? ஒரு காலத்தில் ஆலைக்காரர் எரித்தே ஒழித்த பொருளுக்கு விலை பேசும் நிலை வந்தது. இதற்கிடையே வறட்சியும் சேர்ந்தது. தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி 2011-12இல் 20 லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. 2017-18இல் 10 லட்சம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. காவிரியில் நீர் இல்லை, கரும்பு விலை பாக்கியும் விவசாயிகளைச் சோர்வடைய வைத்தது. கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும். கழிவை நம்பும் தொழில், அந்தக் கழிவைத் தரும் தொழிலின் விதியோடு கட்டப்பட்டிருக்கிறது.

டி.என்.பி.எல். 2000களின் நடுவிலேயே இதை உணர்ந்து, விவசாயிகளின் நிலத்தில் சவுக்கும் யூகலிப்டசும் வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மரக்கூழின் பங்கு கூடியது. தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டுச் செய்தித்தாள் காகிதம் எளிதாக வந்ததால், ஆலை எழுதவும் அச்சிடவும் உதவும் காகிதத்துக்கு மாறியது. ஆலையின் பெயரில் மட்டும் செய்தித்தாள் நிற்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பாடநூல்கள் பல இந்த ஆலைக் காகிதத்தில் அச்சானவை. மன்னார்புரத்திலோ மணப்பாறையிலோ ஒரு பிள்ளை புரட்டும் பாடப் புத்தகத்தில் ஏதோ ஒரு வயலின் கரும்பு நார் இருக்க வாய்ப்பு உண்டு.

மொண்டிப்பட்டியும் அரியமங்கலமும்

ஆலை மீண்டும் திருச்சி மாவட்டத்துக்கு வந்தது. மணப்பாறை வட்டம் மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை தயாரிக்கும் இரண்டாவது ஆலை 2016இல் உற்பத்தியைத் தொடங்கியது. மருந்துப் பெட்டி, பற்பசைப் பெட்டி போன்றவற்றுக்கான அட்டை இது. காகிதத்தில் எழுதுவது குறைந்து, பொருளைப் பொதிவது கூடிவரும் காலத்தின் அடையாளம் இது.

இந்த அனுபவத்தைத் திருச்சி நகரத்தின் குப்பையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் பல பத்தாண்டுகளாக நகரக் குப்பை மலையாகக் குவிந்தது. அடிக்கடி தீப்பிடித்துப் புகையால் சுற்றுவட்டார மக்கள் மூச்சுத்திணறினார்கள். 2010களின் இறுதியில் அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் என்று பிரித்தெடுக்கும் பணி தொடங்கியது. புதிய குப்பைக்காக வார்டுகளில் நுண் உரம் செயலாக்க மையங்கள் ஏற்படுத்தப்பட்டன.

புகளூரில் முடிந்த காரியம் அரியமங்கலத்தில் ஏன் அவ்வளவு நாள் முடியவில்லை? இரண்டும் கழிவுதானே? வேறுபாடு பொருளில் இருக்கிறது. சக்கை ஒரே இடத்தில், ஒரே தன்மையில், கலப்படம் இல்லாமல், தெரிந்த ஒருவரிடம் கிடைக்கிறது. நகரக் குப்பையோ பத்தாயிரம் வீடுகளிலிருந்து சோறு, கண்ணாடி, பிளாஸ்டிக், மின்கலம் எல்லாம் சேர்ந்து வருகிறது. சேர்ந்தபின் பிரிக்க எந்திரம் வேண்டும், ஆட்கள் வேண்டும், பல கோடி ரூபாய் வேண்டும். வீட்டு வாசலில் பிரிக்க இரண்டு கூடைகள் போதும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

முடிவாக

இந்த வரலாற்றிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகின்றன. கழிவு என்று ஒரு பொருள் இயற்கையாகவே இருப்பதில்லை. கந்தல் துணி ஒரு காலத்தில் கழிவு, பிறகு காகிதத்தின் உயிர், பிறகு மீண்டும் கழிவு. சக்கையும் அப்படித்தான். பயன் கண்டுபிடித்த அன்றே அதற்கு விலை வருகிறது, விலை வந்தால் போட்டி வருகிறது.

கழிவிலிருந்து எடுக்கும் எதுவும் இலவசமும் அல்ல. சக்கைக்கு நிலக்கரி கொடுக்க வேண்டியிருந்தது, பாசன நீருக்கு மண் உப்பைத் தாங்க வேண்டியிருந்தது. காட்டைக் காப்பாற்றியது உண்மை, அந்தக் கணக்கின் மறுபக்கமும் உண்மை. ஒரு கழிவைப் பொருளாக்கிவிட்டோம் என்று விழா எடுத்துவிட்டு நின்றுவிடாமல், அதில் மிஞ்சியது எங்கே போகிறது என்று தொடர்ந்து கேட்டதால்தான் மீத்தேனும் சிமெண்டும் வந்தன. 1984இல் ஆலை ஓடத் தொடங்கியது, மீத்தேன் எடுத்தது 2003இல், சகதி சிமெண்ட் ஆனது 2010களில். கேட்டுக்கொண்டே இருந்தும் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. மண்ணில் சேரும் உப்புக்கும் சக்கைக்கு ஈடாக எரிந்த நிலக்கரிக்கும் இதேபோல் ஒரு விடை வேண்டும். அதைத் தேடும் வேலை அடுத்த தலைமுறைப் பொறியாளர்களுக்கும் வேளாண் மாணவர்களுக்கும் காத்திருக்கிறது.